தகாஃபுல் நிறுவனங்களில் ஷரீஆ தணிக்கை: திட்டமிடலும் சிக்கல்களும்

இஸ்லாமிய முறைக் காப்பீடான தகாஃபுலை நடத்தும் ஒரு நிறுவனம் தன் பங்கேற்பாளர்களுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தின்படியும், அந்த ஒப்பந்தத்துக்கு ஷரீஆ அறிஞர்கள் விதித்த நிபந்தனைகளின்படியும் நடந்துகொள்கிறதா என்பதை நிர்வாகத்தைச் சாராத ஒருவர் ஆவணங்களையும் கணக்குகளையும் கொண்டு சோதித்துச் சொல்வதே ஷரீஆ தணிக்கை. வழக்கமான நிதித் தணிக்கை, கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று கேட்கும். ஷரீஆ தணிக்கை இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கும்: கணக்கில் சரியாகப் பதிவாகியிருக்கும் இந்தப் பணம் இவர்களுக்கு உரியதுதானா? கணக்கு ஒரு சல்லிக் காசு பிசகாமல் இருந்தும் இரண்டாவது கேள்விக்கு விடை ‘இல்லை’ என்று அமையலாம். தகாஃபுல் துறையில் இந்தத் தணிக்கை தனித் துறையாக வளர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் வணிகக் காப்பீட்டை மறுத்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. பாலிசிதாரர் செலுத்தும் பிரீமியத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும், கிடைக்குமா என்பதே ஒப்பந்தத்தின்போது தெரியாது. இது கரர் எனப்படும் நிச்சயமின்மை. ஒருவர் இழப்பில் இன்னொருவர் ஆதாயம் காண்பதால் சூதின் சாயல் உண்டு. திரட்டிய பணம் வட்டி தரும் பத்திரங்களில் முதலீடாகிறது. மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 1972-இல் ஆயுள் காப்பீட்டை இந்தக் காரணங்களால் செல்லாத ஒப்பந்தம் என்று அறிவித்தது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும் நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டை விலக்கி, கூட்டுறவு முறையிலான காப்பீட்டை ஏற்றது.

மாற்றாக வந்த தகாஃபுலில் பங்கேற்பாளர்கள் ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் தங்கள் பங்களிப்பின் ஒரு பகுதியை நன்கொடையாக, அதாவது தபர்ரூவாக, ஒரு பொது நிதிக்குத் தருகிறார்கள். இழப்பு நேர்ந்தவருக்கு அந்த நிதியிலிருந்து உதவி போகிறது. நிறுவனம் அந்த நிதியின் உரிமையாளர் அல்ல. அதை நிர்வகிக்கும் முகவர் மட்டுமே. அந்த வேலைக்கு வகாலா கட்டணம் என்ற ஊதியத்தைப் பெறுகிறது. முதலீட்டு லாபத்தில் முளாரபா எனப்படும் லாபப் பகிர்வு அடிப்படையில் ஒரு பங்கையும் பெறலாம். பொது நிதியில் பற்றாக்குறை ஏற்பட்டால் பங்குதாரர்களின் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடனாக, கர்ழ் என்ற பெயரில், தந்து உதவுகிறது. பின்னர் வரும் உபரியிலிருந்து அந்தக் கடனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

ஆகவே ஒரே கூரையின் கீழ், ஒரே கணினியில், ஒரே ஊழியர்களின் கையில் இரண்டு தரப்பாரின் பணம் புழங்குகிறது. நிறுவனம் மதுபான ஆலைப் பங்குகளை வாங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஷரீஆ தணிக்கை என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. அதுவும் வேண்டிய சோதனைதான். ஆனால் தகாஃபுலில் கனமான மீறல்கள் நிகழும் இடம் பங்கேற்பாளர் நிதிக்கும் பங்குதாரர் நிதிக்கும் இடையிலுள்ள எல்லை. தடைசெய்யப்பட்ட பங்கை வாங்கினால் எல்லோர் கண்ணிலும் படும். ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு நகரும் சிறு தொகை யார் கண்ணிலும் படாது. தணிக்கைத் திட்டம் இந்த நகர்வுகளைச் சுற்றி அமையாவிட்டால், எத்தனை பக்கம் அறிக்கை எழுதினாலும் பயனில்லை.

மலேசியாவின் சட்ட அடித்தளம்

தகாஃபுலுக்கென்று தனிச் சட்டம் கண்டு, அதைப் பல கட்டங்களாக வளர்த்தெடுத்த நாடு மலேசியா. சூடானில் 1979-இலேயே இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கிவிட்டது என்றாலும், ஒழுங்குமுறைக் கட்டமைப்பு மலேசியாவில்தான் விரிவாக உருவானது. 1984-இல் தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு முதல் நிறுவனமான ஷரிக்காட் தகாஃபுல் மலேசியா பதிவாகி, அடுத்த ஆண்டு வணிகத்தைத் தொடங்கியது. 1997-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் ஷரீஆ ஆலோசனை மன்றத்தை அமைத்தது. 2009-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அந்த மன்றத்தின் தீர்ப்புகள் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்றாக்கியது. ஒரு நிறுவனத்தின் சொந்த அறிஞர்கள் அடங்கிய ஷரீஆ குழு ஒன்று சொல்லி, மன்றம் வேறொன்று சொன்னால் மன்றத்தின் சொல்லே நிற்கும். தணிக்கையாளருக்கு இது பெரிய உதவி. எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி நாடு முழுவதற்கும் ஓரளவு தீர்ந்துவிடுகிறது.

2010 அக்டோபரில் வெளியாகி 2011 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஷரீஆ ஆளுகைக் கட்டமைப்பு, இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் நான்கு பணிகளைக் கொண்டிருக்க வேண்டும் என்றது: ஷரீஆ மறுஆய்வு, ஷரீஆ தணிக்கை, ஷரீஆ இடர் மேலாண்மை, ஷரீஆ ஆராய்ச்சி. 2019 செப்டம்பரில் வந்து 2020 ஏப்ரலில் அமலான புதிய கொள்கை ஆவணம் இதைத் திருத்தி எழுதியது. முதல் இரண்டு பணிகளும் பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றுவதால் குழப்பம் வருவதுண்டு. மறுஆய்வு நிர்வாகத்துக்குப் பக்கத்தில் நின்று அன்றாட நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனிப்பது. தணிக்கை அந்த மறுஆய்வும் உட்பட எல்லாக் கட்டுப்பாடுகளும் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று வெளியே நின்று சோதிப்பது. அதன் அறிக்கை இயக்குநர் வாரியத்தின் தணிக்கைக் குழுவுக்கும் ஷரீஆ குழுவுக்கும் போகிறது.

2013 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்த இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் இந்த ஏற்பாட்டுக்குப் பல் கொடுத்தது. அதன் 28-ஆம் பிரிவின்படி, ஷரீஆவுக்கு மாறான ஒன்று நடந்திருப்பதாக அறிந்ததும் நிறுவனம் மத்திய வங்கிக்கும் தன் ஷரீஆ குழுவுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அந்தச் செயலை உடனே நிறுத்த வேண்டும். 30 நாட்களுக்குள் சரிசெய்யும் திட்டத்தை மத்திய வங்கியிடம் தர வேண்டும். மீறினால் 8 ஆண்டு வரை சிறை, 2.5 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம் குடும்பத் தகாஃபுலையும் பொதுத் தகாஃபுலையும் ஒரே உரிமத்தில் நடத்தக் கூடாது என்றதால், இரண்டையும் சேர்த்து நடத்திய நிறுவனங்கள் 2018-க்குள் தங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆண்டுத் திட்டம்

தணிக்கைத் திட்டம், எதையெல்லாம் தணிக்கை செய்யலாம் என்ற முழுப் பட்டியலில் தொடங்குகிறது. பொருள் வடிவமைப்பு, ஒப்பந்தப் படிவங்கள், இடர் ஏற்பு, பங்களிப்பு வசூல், கட்டணப் பிரிப்பு, முதலீடு, மறுதகாஃபுல் (தகாஃபுல் முறையிலான மறுகாப்பீடு), இழப்பீடு, உபரிப் பகிர்வு, கர்ழ், வாரிசு நியமனம், முகவர் பயிற்சி, விளம்பரம், ஜகாத் கணக்கு என்று அது நீளும். எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்க ஆளும் நாளும் போதாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பீடுகள் தரப்படுகின்றன: தவறு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் விளைவு எவ்வளவு. புதிய கணினி அமைப்பு, புதிய பொருள், ஊழியர் மாற்றம், முந்தைய அறிக்கையில் தீராமல் கிடக்கும் குறை ஆகியவை வாய்ப்பை உயர்த்தும். ஒப்பந்தமே செல்லாமல் போகக்கூடிய தவறு, பல்லாயிரம் பேரின் பணத்தைத் தொடும் தவறு ஆகியவை விளைவை உயர்த்தும்.

இந்த மதிப்பீட்டில் அடிக்கடி ஒரு பிழை நிகழ்கிறது. சாதாரண உள் தணிக்கைக்கு ஏற்கெனவே உள்ள இடர் வரிசையை எடுத்து, அதற்கு ஷரீஆ என்று பெயர் மாற்றிப் பயன்படுத்துவார்கள். அந்த வரிசையில் தொகை பெரிதாக உள்ள துறை மேலே நிற்கும். உபரிப் பகிர்வு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சிறு வேலை என்பதால் கீழே போய்விடும். தகாஃபுலைச் சாதாரணக் காப்பீட்டிலிருந்து பிரித்துக் காட்டும் இடங்களில் உபரி முதன்மையானது. அதைப் பட்டியலின் அடியில் வைப்பது தணிக்கையின் நோக்கத்தையே மறந்ததாகும்.

அளவுகோல்களைத் திரட்டுவது அடுத்த வேலை. ஷரீஆ ஆலோசனை மன்றத்தின் தீர்ப்புகள், பேங்க் நெகாராவின் தகாஃபுல் செயல்பாட்டுக் கட்டமைப்பு, நிறுவனத்தின் ஷரீஆ குழு எடுத்த முடிவுகள், பங்கேற்பாளரிடம் கையெழுத்து வாங்கிய சான்றிதழ் ஆகிய நான்கும் வேண்டும். ஷரீஆ குழுவின் கூட்டக் குறிப்புகளில் முடிவு ஒரு வரியில் இருக்கும். அதற்கு இட்ட நிபந்தனை மூன்று பக்கம் தள்ளி விவாதத்தில் புதைந்திருக்கும். ‘அனுமதிக்கப்பட்டது’ என்பதை மட்டும் துறைகளுக்கு அனுப்பி, ‘இந்த நிபந்தனையோடு’ என்பதை விட்டுவிடுவதால் வரும் மீறல்கள் ஏராளம். ஒவ்வொரு முடிவையும் அதன் நிபந்தனைகளோடு பிரித்தெழுதி, எந்த நிபந்தனையை எந்தத் துறை எந்தப் படிவத்தில் நிறைவேற்றுகிறது என்று தொடர்புபடுத்திய அட்டவணை கையில் இருந்தால் களப்பணி பாதி முடிந்த மாதிரி.

திட்டத்தை ஏற்கும் அதிகாரம் வாரியத்தின் தணிக்கைக் குழுவுக்கு. ஷரீஆ குழுவின் கருத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எங்கே உறுத்தல் இருக்கிறது என்பது அந்த அறிஞர்களுக்குத் தெரியும். துறைகளிலிருந்து தங்களிடம் வந்த கேள்விகளை வைத்தே அவர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்.

கட்டணத்தைத் தொடர்ந்து செல்லுதல்

களப்பணி எப்படி நடக்கும் என்பதற்கு வகாலா கட்டணச் சோதனை நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் வாகனத் தகாஃபுலுக்கு 1,000 ரிங்கிட் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் வகாலா கட்டணம் 30 விழுக்காடு என்று இருக்கிறது. 300 ரிங்கிட் பங்குதாரர் நிதிக்கும் 700 ரிங்கிட் பொது நிதியான பங்கேற்பாளர் இடர் நிதிக்கும் போக வேண்டும். நடுவில் நிறுவனம் அந்தப் பொருளைத் திருத்தி, புதிய சான்றிதழ்களுக்குக் கட்டணத்தை 35 விழுக்காடு ஆக்குகிறது. ஷரீஆ குழுவும் ஒப்புகிறது. கணினியில் விழுக்காட்டை மாற்றும் ஊழியர், தேதி வரம்பு இடாமல் மாற்றிவிடுகிறார். பழைய படிவத்தில் கையெழுத்திட்ட 2,000 பேரிடமும் 35 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. ஆளுக்கு 50 ரிங்கிட்; மொத்தம் 1,00,000 ரிங்கிட், அவர்கள் சம்மதிக்காத கட்டணமாக, இடர் நிதிக்குச் சேராமல் பங்குதாரர் பக்கம் போய்விட்டது.

நிதித் தணிக்கையில் இது சிக்காமல் போக வாய்ப்பு அதிகம். வசூல் சரி, பேரேடு சரி, மொத்தம் சரி. ஷரீஆ தணிக்கையாளர் சான்றிதழை ஒரு கையிலும் கணினிப் பதிவை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி மாதிரி எடுத்தால்தான் வெளிவரும். மொத்தத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 சான்றிதழ் எடுக்கும் மாதிரி முறை இங்கே போதாது. பொருளின் பதிப்பு, விற்பனை வழி, வெளியிட்ட காலம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து எடுக்க வேண்டும். நடுவில் ரத்தான சான்றிதழ்கள் தனி அடுக்கு: மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பும்போது இடர் நிதியிலிருந்து மட்டும் பிடித்துக்கொடுத்துவிட்டு, வகாலா கட்டணத்தை நிறுவனம் முழுமையாக வைத்துக்கொண்டதா, அதற்கு ஒப்பந்தத்தில் இடமுண்டா என்று பார்க்க வேண்டும்.

செலவுப் பக்கமும் அப்படியே. முகவர் தரகு, விளம்பரம், ஊழியர் சம்பளம் ஆகியவை வகாலா கட்டணத்திலிருந்து, அதாவது பங்குதாரர் நிதியிலிருந்து போக வேண்டியவை. இழப்பீடும் மறுதகாஃபுல் பங்களிப்பும் இடர் நிதியின் செலவு. விபத்து மதிப்பீட்டாளரின் கட்டணம் எந்தப் பக்கம்? நீதிமன்றச் செலவு? நிறுவனத்தின் கவனக்குறைவால் வந்த அபராதம்? கடைசியில் சொன்னதை இடர் நிதியில் எழுதினால், முகவரான நிறுவனத்தின் தவறுக்கு நிதியின் உரிமையாளர்களான பங்கேற்பாளர்கள் தண்டம் கட்டுவதாக முடியும். வகாலாவின் அடிப்படை விதியே முகவர் தன் அலட்சியத்துக்குத் தானே பொறுப்பு என்பது.

குடும்பத் தகாஃபுலில் இன்னும் ஓர் அடுக்கு உண்டு. பங்களிப்பின் ஒரு பகுதி பங்கேற்பாளரின் தனிக் கணக்கில் சேமிப்பாக நின்று, அதிலிருந்து மாதந்தோறும் தபர்ரூ இடர் நிதிக்கு எடுக்கப்படுகிறது. ஒருவர் இறந்த பின்பும், தகவல் வந்து சேரும்வரை, கணினி மாதாமாதம் எடுத்துக்கொண்டேயிருக்கும். இறந்த தேதிக்குப் பிறகு எடுத்தது வாரிசுகளுக்குத் திரும்பியதா என்பது சிறிய சோதனைதான். ஆனால் துயரத்தில் இருக்கும் குடும்பம் தானாகக் கேட்காத தொகை அது என்பதால் தணிக்கையாளர் கேட்டே ஆக வேண்டும்.

முதலீடு

மலேசியப் பங்குகளைப் பொறுத்தவரை பங்கு ஆணையம் ஆண்டுக்கு இரு முறை, மே, நவம்பர் மாதங்களில், ஷரீஆவுக்கு உட்பட்ட பங்குகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2013 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள முறையில் இரண்டு சல்லடைகள். வழக்கமான வங்கி, வழக்கமான காப்பீடு, சூது, மது, பன்றி இறைச்சி, புகையிலை போன்றவற்றின் வருமானம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேறு சிலவற்றுக்கு 20 விழுக்காடு வரம்பு. நிறுவனத்தின் வட்டிக் கடனும், வழக்கமான வங்கிகளில் வைத்துள்ள ரொக்கமும் தனித்தனியே மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

பட்டியலில் இருந்த ஒரு பங்கு அடுத்த வெளியீட்டில் நீக்கப்பட்டால் என்ன செய்வது என்பதில்தான் தணிக்கைக்கு வேலை. அறிவிப்பு நாளில் சந்தை விலை வாங்கிய விலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பங்கை விற்றுவிட வேண்டும். அன்றைய முடிவு விலை வரையிலான ஆதாயம் முதலீட்டாளருக்கு. தாமதித்து விற்று அதற்கு மேல் கிடைத்தால் அந்த அதிகப்படி அறப்பணிக்கு. விலை வாங்கியதைவிடக் குறைவாக இருந்தால், கிடைக்கும் ஈவுத்தொகையும் சந்தை மதிப்பும் சேர்ந்து போட்ட முதலை எட்டும்வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே தணிக்கையாளர் பார்க்க வேண்டியது அறிவிப்புத் தேதி, அன்றைய முடிவு விலை, விற்ற தேதி, விற்ற விலை, நடுவில் வந்த ஈவுத்தொகை ஆகிய ஐந்தும். அறப்பணிக்குப் போன தொகை எந்த நிதியின் முதலீட்டிலிருந்து வந்ததோ அந்த நிதியிலிருந்தே பிரிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்டறிந்தபின்

தணிக்கையாளர் ஒரு மீறலைக் கண்டால், அது ஷரீஆ மீறல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. உண்மைகளையும் ஆவணங்களையும் அடுக்கி ஷரீஆ குழுவின் முன் வைப்பது அவர் வேலை. தீர்மானிப்பது குழுவின் வேலை. இந்தப் பிரிவினை நியாயமானது. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதற்கும் ஒப்பந்தம் செல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியல் கற்றவரே சொல்ல முடியும். ஆனால் குழு அடிக்கடி கூடுவதில்லை. சட்டமோ அறிந்ததும் உடனே தெரிவிக்கச் சொல்கிறது. அவசரக் கூட்டத்துக்கு வழி இல்லாத நிறுவனத்தில் கண்டுபிடிப்புகள் வாரக்கணக்கில் ‘விவாதத்தில்’ கிடக்கும். அந்த வழியை வகுத்துவைப்பதும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

சரிசெய்யும் முறை மீறலின் வகையைப் பொறுத்தது. முந்தைய எடுத்துக்காட்டில் அதிகமாகப் பிடித்த 1,00,000 ரிங்கிட் அறப்பணிக்குப் போகக் கூடாது. உரிமையாளர்கள் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களின் நிதிக்கே திரும்ப வேண்டும். வட்டியாக வந்த வருமானம் யாருக்கும் உரியதல்ல என்பதால் அறப்பணிக்குப் போகும். இரண்டையும் ஒரே ‘தூய்மைப்படுத்தல் கணக்கில்’ கொட்டி மொத்தமாக நன்கொடை கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடுவது பார்வைக்கு நல்ல காரியம்போல இருக்கும். பங்கேற்பாளரின் பணத்தைக் கொண்டு நிறுவனம் தர்மம் செய்ததாகவே அது முடியும்.

ஆள், அதிகாரம், அளவு

இந்த வேலைக்கு மூன்று படிப்பு வேண்டும்: ஃபிக்ஹ், கணக்கியல், காப்பீட்டுக் கணிதம். மூன்றும் ஒருவரிடம் அமைவது அரிது. மதரஸாவிலோ பல்கலைக்கழக ஷரீஆத் துறையிலோ பயின்றவருக்கு ஒப்பந்தத்தின் நுட்பம் தெரியும். பேரேட்டில் அது எங்கே சிதைகிறது என்று தெரியாது. பட்டயக் கணக்காளருக்குப் பேரேடு தெரியும். கர்ழ் திரும்பப் பெறப்படும் முன் உபரியைப் பகிர்வது ஏன் தவறாகலாம் என்று தோன்றாது. இருவருக்குமே, காப்பீட்டுக் கணிதரான ஆக்சுவரி ஒதுக்கும் காப்புத் தொகையைச் சற்றுக் கூட்டினால் உபரி மறைந்துவிடும், குறைத்தால் பெருகிவிடும் என்பதைச் சோதிக்கும் கருவி கையில் இல்லை. நடைமுறையில் உள் தணிக்கைத் துறையில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு இந்தப் பணியைச் செய்கிறது. உபரி, கர்ழ் இரண்டையும் தணிக்கை செய்யும் ஆண்டிலாவது வெளியிலிருந்து ஓர் ஆக்சுவரியைக் குழுவில் சேர்ப்பதற்கு மாற்று வழி இல்லை.

சார்பின்மை இதைவிடக் கடினமானது. ஷரீஆ குழு உறுப்பினர்களுக்கு மதிப்பூதியம் தருவது நிறுவனம். தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவதும் நிறுவனம். பொருளுக்கு ஒப்புதல் தந்த அறிஞர்களே ஆண்டு முடிவில் அந்தப் பொருள் ஷரீஆவின்படி நடந்தது என்று ஆண்டறிக்கையில் சான்று தருகிறார்கள். மலேசியா இதைப் பல வழிகளில் கட்டுப்படுத்த முயன்றிருக்கிறது: ஓர் அறிஞர் ஒரே துறையில் இரண்டு நிறுவனங்களின் குழுக்களில் இருக்க முடியாது, வேண்டுமானால் வெளியாரைக் கொண்டு ஷரீஆ தணிக்கை நடத்தச் சொல்லும் அதிகாரமும் மத்திய வங்கிக்கு உண்டு. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை அமைப்பான ஆயோஃபி, வெளி ஷரீஆ தணிக்கைக்குத் தனித் தரநிலையே வெளியிட்டுள்ளது. ஆண்டுதோறும் வெளித் தணிக்கை கட்டாயமாவதுதான் சரியான திசை. நிதி அறிக்கைக்கு வெளித் தணிக்கையாளர் வேண்டும் என்பதை இன்று எவரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு தரப்பாரின் பணத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு அந்தத் தேவை இரட்டிப்பாகும்.

எவ்வளவு தவறு பெரிய தவறு என்ற கேள்வியும் உண்டு. நிதித் தணிக்கையில் ஒரு வரம்புத் தொகைக்குக் கீழ் உள்ள பிழையை விட்டுவிடலாம். வட்டியாக வந்தது ஒரு ரிங்கிட் என்பதற்காக அது ஆகுமானதாகிவிடாது. அதற்காக ஒவ்வொரு ரிங்கிட்டையும் துரத்தினால் தணிக்கை நகராது. பலர் கையாளும் முறை இது: தொகை எவ்வளவு சிறிதானாலும் மீறலைப் பதிவு செய்து சரிசெய்ய வேண்டும், ஆனால் சோதனையை ஆழப்படுத்துவதா என்பதை, அது தற்செயலா, அமைப்பின் கோளாறா என்பதை வைத்து முடிவு செய்யலாம். தற்செயலாக நடந்த 10,000 ரிங்கிட் பிழையைவிட, கணினி அமைப்பே உண்டாக்கும் 10 ரிங்கிட் பிழை கூடுதல் கவனத்துக்குரியது.

கணக்கியல் தரநிலையும் ஒரு புதிய சுமையைக் கொண்டுவந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் நடைமுறையில் உள்ள காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான 17-ஆம் தரநிலை, நிறுவனத்தை ஒரே அலகாகக் கொண்டு கணக்கை முன்வைக்கிறது. ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வகாலா கட்டணம் ஒருங்கிணைந்த கணக்கில் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். ஷரீஆ தணிக்கையாளர் முதலில் தேட வேண்டிய எண் வெளியிட்ட கணக்கின் முகப்பில் தென்படாது. நிதிவாரியான உள் கணக்குகள் தனியே பராமரிக்கப்படுவதையும், அவை ஒருங்கிணைந்த கணக்கோடு ஒத்துப்போவதையும் உறுதிசெய்வது தணிக்கைத் திட்டத்தில் இப்போது தவிர்க்க முடியாத ஒரு பகுதி.

கருத்து வேறுபாடும் மறுகாப்பீடும்

நாடு மாறினால் அளவுகோல் மாறும். உபரியில் நிறுவனம் பங்கு கேட்கலாமா என்பதில் மலேசிய நடைமுறை அதை ஊக்கத்தொகையாக ஏற்கிறது. ஆயோஃபியின் 26-ஆம் ஷரீஆ தரநிலை ஏற்பதில்லை. சவூதி அரேபியாவின் கூட்டுறவுக் காப்பீட்டு விதிகளில் நிகர உபரியில் 10 விழுக்காடு பாலிசிதாரர்களுக்கு, 90 விழுக்காடு பங்குதாரர்களுக்கு. பாகிஸ்தான் 2005-இல் தகாஃபுல் விதிகளைக் கொண்டுவந்து, 2012-இல் அவற்றை மாற்றி, வழக்கமான காப்பீட்டு நிறுவனங்களும் ‘சாளரம்’ அமைத்துத் தகாஃபுல் நடத்த வழிவிட்டது. சாளரத்தில் நிதிப் பிரிப்பு ஒரே கணினியின் உள்ளே, ஒரே காசாளரின் கையில் நடக்கிறது. அங்கே தணிக்கையின் முதல் நாள் வங்கிக் கணக்குகளிலேயே கழியும். பல நாடுகளில் இயங்கும் குழுமத்தின் தணிக்கையாளர் ஒரே திட்டத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்பினால், ஒரு நாட்டில் இல்லாத மீறலைக் கண்டுபிடித்து, இன்னொரு நாட்டில் இருக்கும் மீறலைத் தவறவிடுவார்.

மறுகாப்பீட்டில் சிக்கல் வேறு வகை. 1997-இல் மலேசியாவின் லாபுவானில் ஆசியான் ரீதகாஃபுல் என்ற மறுதகாஃபுல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்திருந்தாலும், விமானம், எண்ணெய்க் கிணறு போன்ற பெரும் இடர்களுக்குத் தகாஃபுல் முறையிலான மறுகாப்பீடு போதுமான அளவு கிடைப்பதில்லை. தேவை கருதி வழக்கமான மறுகாப்பீட்டாளரிடம் போக அறிஞர்கள் சலுகை தந்திருக்கிறார்கள். சலுகை நிபந்தனையோடு வருகிறது: முதலில் மறுதகாஃபுல் தேடப்பட வேண்டும், கிடைக்காததற்குச் சான்று வேண்டும். தணிக்கையாளர் கேட்க வேண்டியது அந்தத் தேடலின் கடிதப் போக்குவரத்தை. யாரிடம் கேட்டார்கள், என்ன விலை வந்தது, ஏன் மறுத்தார்கள்? விலை சற்றுக் கூடுதல் என்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் வழக்கமான நிறுவனத்திடம் போயிருந்தால், தேவை என்ற காரணம் பழக்கமாகிவிட்டது என்றுதான் எழுத வேண்டும்.

தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இல்லாத இலங்கையில் இந்தச் சிக்கல்கள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. 1999-இல் தொடங்கிய அமானா தகாஃபுல் 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழேயே இயங்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் நிதியின் ஒரு பகுதியை அரச பிணையங்களில் வைத்திருக்க வேண்டும்; அவை வட்டி அடிப்படையிலானவை. பொதுக் காப்புறுதியின் மறுகாப்புறுதியில் ஒரு பங்கு அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டாயமாகப் போக வேண்டும். அது தகாஃபுல் முறையில் இயங்குவதல்ல. இத்தகைய இடத்தில் ஷரீஆ தணிக்கை மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கும்: சட்டம் கட்டாயப்படுத்திய அளவைத் தாண்டி நிறுவனம் வட்டிப் பத்திரங்களை வைத்திருக்கிறதா, அவற்றில் வந்த வட்டி வருமானக் கணக்கில் கலக்காமல் பிரிக்கப்பட்டதா, நிர்ப்பந்தத்தைக் காட்டி ஷரீஆ குழு தந்த சலுகை எழுத்தில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை? மேல்முறையீட்டுக்குத் தேசிய ஷரீஆ மன்றம் இல்லாத நாட்டில், இந்த விடைகளைப் பதிவு செய்யும் தணிக்கைக் கோப்பும் நிறுவனத்தின் சொந்த அறிஞர் குழுவின் குறிப்பேடும் மட்டுமே பங்கேற்பாளருக்குள்ள ஆதாரங்கள்.